ழகரம் பொருந்தவில்லை

மெக்கவன் வீதி. நிலவறை வீடு.
ஒற்றை யன்னலின் பாதிவரை பனி ஏறிவிட்ட இரவு.
எனக்கு வேலை, மஞ்சள் விழுந்த பெயர்களைப் பார்ப்பது.
காசு தன்பாட்டில் போகும், ஒன்லைன் கொம்பனி,
ஆள் தேவையில்லை.
அது தயங்கும்போதுதான் என்னைக் கூப்பிடும்:
கடவுச்சீட்டில் ஒரு எழுத்து, வங்கிப் புத்தகத்தில் வேறொன்று,
தகப்பன் பெயர் முன்னுக்கு, இல்லாவிட்டால் பின்னுக்கு.
குடும்பப் பெயர் எங்கே என்று கேட்கும்.
அப்படி ஒன்று எங்களிடம் இல்லை என்று
இரவுக்கு நாற்பது தரம் எழுதுகிறேன்.

ஒன்றரை மணிக்கு ஒரு மஞ்சள்.
பெறுபவர் கொழுந்தம்மா, கொடிகாமம்.
அனுப்பியவர் ழகரத்தை ஒரு விதமாக எழுதியிருக்கிறார்,
வங்கி இன்னொரு விதமாக.
இருநூற்றுப் பன்னிரண்டு டொலர்.
காரணம்: பரிசு.
அனுப்பியவர் தவரூபன் ஞானச்செல்வம்.

தேத்தண்ணியை கீழே வைத்தேன்.

எங்கள் சீட்டுத் தாச்சி.
இருபது பேர், மாதம் ஐந்நூறு.
அவசரக்காரர் கழிவு கூறி எடுக்கட்டும்,
நாங்கள் கடைசிவரை இருந்து முழுசாய் எடுப்போம் என்றிருந்தோம்.
பதினான்காம் மாதம் அவன் தொலைபேசி
அடித்துக்கொண்டே இருந்தது.
பிறகு அடிக்கவும் இல்லை.
எடுக்காமல் மிஞ்சியது ஏழு வீடு.
ஆறு மாதம் மொன்றியலில் தேடினார்கள்.
முகவரி, வினிபெக் என்கிறது திரை.

தடுப்புக்கு அந்தப்பக்கம் கணவரின் குறட்டை.
ஹைட்ரோ பில் வரும் நாட்களில்
அவர் தவரூபனின் தாயிலிருந்துதான் தொடங்குவார்.

சிவப்பை அழுத்தலாம்.
ஒரு எழுத்துப் பிழை, யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.
அதற்கு முதல் பழைய பட்டியலை விரித்தேன்,
விதி அதை அனுமதிக்கிறது.
வெள்ளி விட்டு வெள்ளி, அதே இருநூற்றுப் பன்னிரண்டு.
முதலில் வவுனியாவில் ஒரு பெயர், நெடுநாளாய்,
பிறகு அது நின்று கொழுந்தம்மா.

கொழுந்தம்மா.
‘பேர்தான் கொழுந்து, வாய் முற்றல்’ என்று
மாமியைப் பற்றிப் பவளராணி சொல்லிச் சிரிப்பாள்.
ஏழு வீட்டில் அவளுடையதும் ஒன்று.
இப்போதெல்லாம் அவள் தவரூபனைத் திட்டுவதில்லை.
மாவீட்டுக் கடையில், கலியாண வீட்டில்,
நாங்கள் தொடங்கினால் பேச்சை மாற்றுவாள்.
நல்ல குணம் என்று நினைத்திருந்தேன்.

இங்கே தந்தால் இங்கே இருப்பது தெரிந்துவிடும்.
அதனால் காசு கடலைச் சுற்றிப் போகிறது போலும்.
போலும்தான்.
கடன் என்று அந்தப் பட்டியலில் ஒரு சொல் கிடையாது.

குறிப்பு எழுதினேன்:
எழுத்துப்பெயர்ப்பு வேறுபாடு. அதே ஆள்.

கடைசியில் எப்போதும் வரும் பெட்டி:
இந்த வாடிக்கையாளரை உங்களுக்குத் தெரியுமா?
எட்டு வருஷம் ஒரே கட்டடம், ஒரே லிஃப்ட்.
என் மகனின் தொட்டிலை மூன்று மாடி தூக்கி வந்தவன்.
என் ஏழாயிரத்தைத் தூக்கிப் போனவன்.
ஓம் என்றால் மேலாளரிடம் போகும், திங்கள்வரை கிடக்கும்.
இல்லை என்று அழுத்தினேன்.

பச்சை.
கொடிகாமத்தில் இப்போது உச்சி வெயில்.
யாரோ ஒரு போனை
கண்ணுக்கு எட்டத்தில் பிடித்து வாசிக்கிறார்கள்.

ஏழாயிரத்தை இருநூற்றுப் பன்னிரண்டால் பிரித்துப் பார்த்தேன்.
முப்பத்துமூன்று வெள்ளி, ஒன்று விட்டு ஒன்று.
எங்களுக்கு முன்னால் எத்தனை வீடு நிற்கிறதோ.
குறட்டை நின்றது. ‘என்ன கணக்கு?’ என்றார் இருட்டிலிருந்து.
‘வேலைக் கணக்கு.’

சங்கானையில் இருக்கும் என் அம்மாவின் பெயர் குழந்தைப்பிள்ளை.
வங்கிப் புத்தகத்தில் அதை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று
விடிந்ததும் கேட்க வேண்டும்.